மெனுவில் இல்லாத படம்

கல்முனைப் பக்கத்துக் கலியாண வீடுகளில் வீடியோவுக்கும் இரண்டு பக்கம் உண்டு. மாப்பிள்ளை வருவது, காவின் என்ற கலியாணப் பதிவை எழுதுவது, பந்தலில் ஸஹன் என்ற பெரிய தாம்பாளத்தைச் சுற்றி இருந்து சாப்பிடுவது எல்லாம் ஆண்பக்கம். அதை ஊரே பார்க்கலாம். பார்க்க வேண்டும் என்றுதான் எடுப்பதே. பெண்பக்கம் வேறு. அங்கே மருதோண்டி வைப்பார்கள், தலைவாரிப் பூ வைப்பார்கள், மச்சிமார் கூடிப் பெண்ணைக் கிண்டல் பண்ணி அழ வைத்துப் பிறகு சிரிக்க வைப்பார்கள், குரவை போடுவார்கள். முக்காடு தலையில் நிற்காது. ஆண்கள் இல்லாத இடத்தில் அது நிற்க வேண்டிய தேவையும் இல்லை. இதையெல்லாம் படம் பிடிப்பதா வேண்டாமா என்று ஊர் நெடுநாள் இழுபட்டுக் கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தது. எடுப்பதும் ஒரு பெண், வெட்டித் தொகுப்பதும் அதே பெண், போடுவது ஒரேயொரு பிரதி. அந்தப் பெண்தான் பஸ்லியா.

நற்பிட்டிமுனைக்காரி. ஆறு மாதக் கணினி வகுப்பொன்றுக்குப் போய், வகுப்பு எடுத்தவருக்கே தெரியாததைக் கேட்டு அவரைத் திணறடித்தவள். இரண்டாயிரத்து இரண்டில் கல்முனை பஸாரில் ஒரு மேல்மாடியில் இருந்த றஸாக்கின் வீடியோக் கடைக்கு வேலைக்கு வந்தாள். றஸாக் அவளுக்காக மூலையில் ஹார்ட்போர்ட் அடித்து ஓர் அறை மறித்துக் கொடுத்தார். கணினியின் முகம் சுவரைப் பார்த்தபடி இருக்கும். கதவில் திரை. பெண்பக்கத்துப் படங்கள் கிடக்கும் போல்டருக்குள் றஸாக் கை வைப்பதில்லை என்பது பேச்சு. அவர் வாக்கு மாறாதவர் என்று எல்லோரும் சொன்னார்கள், பஸ்லியாவும் சொன்னாள். இப்போது கேட்டால் சொல்லமாட்டாள்.

கணினி இருந்தால் டீவீடி தானாக வந்து விழும் என்று நினைக்கிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். டீவீடி செய்யும் மென்பொருள் கொடுப்பதையெல்லாம் தின்னாது. படம் இந்த அளவில் இருக்க வேண்டும், இந்த வகைப் பைலாக இருக்க வேண்டும் என்று அதற்கு ஆயிரம் சட்டம். கமரா பதியும் ஒலி ஓர் அளவு, டீவீடி கேட்கும் ஒலி இன்னோர் அளவு. மாற்றாமல் உள்ளே இழுத்தால் முதல் ஐந்து நிமிடம் ஒழுங்காகத்தான் ஓடும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விலகி, பெண்கள் குரவை போட்டு முடித்து வாயைத் துடைத்த பிறகு குரவை கேட்கும். மற்றக் கடைகளில் செய்த டீவீடிகள் அப்படித்தான் இருந்தன. பஸ்லியா ஒவ்வொரு படத்தையும் பதமாக மாற்றி, ஒலியைத் தனியே எடுத்து அளவு பார்த்து, நாலு இடத்தில் நிறுத்தி வாயும் சத்தமும் ஒத்துப்போகிறதா என்று கவனித்த பிறகுதான் உள்ளே எடுப்பாள். முடிந்ததும் டீவீடித் தட்டைத் தானே பதிந்து, தானே கடித உறையில் இட்டு ஒட்டி, பெண்ணின் உம்மாவின் கையில் கொடுப்பாள். வேறு யாருடைய கையிலும் கொடுக்கமாட்டாள்.

பிறகு கடல் வந்தது.

சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் கடற்கரைப் பக்கத்து வீடுகள் அத்திவாரம் மட்டுமாகக் கிடந்தன. மூன்று மாதம் கலியாணமும் இல்லை, வீடியோவும் இல்லை. நாலாம் மாதம் ஒருநாள் மைமூனா கடைப் படியேறி வந்தாள். கையில் ஒரு சொப்பிங் பை. பைக்குள் சேறு காய்ந்து இறுகிய ஒரு பழைய வீடியோக் கசட்.

மைமூனாவின் மகள் றாஹிலாவின் கலியாணத்தைப் பஸ்லியாதான் எடுத்தாள், அவள் வேலைக்கு வந்த புதிதில், டீவீடி தொடங்குமுன் கசட்டில் பதிந்து கொடுத்த காலத்தில். பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அங்கே எடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம். மைமூனா தான் இருந்த கல்வீட்டை, கடலைப் பார்த்த வீட்டை, மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்வளவில் ஒரு கொட்டிலில் போய் இருந்தாள். கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சம்மாந்துறைக்குப் போயிருந்தாள். றாஹிலாவும் ஒன்பது மாதப் பிள்ளையும் வீட்டில் இருந்தார்கள். றாஹிலாவின் மையித்து இரண்டாம் நாள் கிடைத்தது. பிள்ளை கிடைக்கவில்லை.

"இடிஞ்ச கிணத்துக்குப் பக்கத்தில அலுமாரி கிடந்திச்சி. அதுக்குள்ள இது" என்றாள் மைமூனா. "போட்டோ ஒண்டும் மிஞ்சல்ல. இதை ஓட வைக்க ஏலுமா புள்ள?"

பஸ்லியா கசட்டின் ஆணிகளைக் கழற்றி, நாடாவைச் சாண் சாணாக வடித்த நீரில் கழுவி, காற்றில் உலர்த்தி, வேறொரு கசட்டின் கூட்டுக்குள் சுற்றினாள். ஒன்பது நாள் எடுத்தது. உப்புப் பிடித்த நாடா ஒரு தடவைதான் ஓடும், இரண்டாம் தடவை பூச்சு உரிந்து கொட்டிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஒரு தடவையில் அதைக் கணினிக்குள் எடுத்தாள். ஒரு மணித்தியாலமும் எட்டு நிமிடமும். இடையில் கோடு கோடாக வந்தது, நிறம் போனது. ஆனால் றாஹிலா இருந்தாள். கையில் மருதோண்டியோடு மூக்கு அரிக்கிறது என்று சொல்லி, சொறிந்துவிடச் சொல்லிச் சுற்றி இருந்தவர்களிடம் கெஞ்சிச் சிரித்தாள்.

தட்டைக் கொடுக்கும்போது மைமூனா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இது அமானிதம் புள்ள, உன்னை நம்பித்தான் தாறன். கொம்பியூட்டருக்க இரிக்கிறதை அழிச்சிரு. ஒரு ஆம்பிளக் கண்ணு படப்படாது."

"ஓம் சாச்சி, அழிச்சிருவன்."

அழிக்கவில்லை. அதுதான் உண்மை, மறைப்பதற்கில்லை. நாடா உதிர்ந்துவிட்டது. கொடுத்ததோ மலிவுத் தட்டு. கடல் காற்றுக்கு அது எத்தனை நாள் தாங்கும்? அது கெட்டுப்போய் அந்த மனிசி திரும்பவும் படியேறி வந்தால் என்ன சொல்வது? அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தாள், எடுத்துவிட்டாள். மைமூனா கேட்டு வந்தபோது அழித்துவிட்டேன் என்று சொன்னாள். அதற்குப் பிறகு வந்த ஆறு வீட்டுக் கசட்டுகளுக்கும் அப்படியே செய்தாள். ஏழு வீடு, ஏழு மகள்மார், ஒருத்தியும் உயிரோடு இல்லை.

அடுத்த வருடங்களில் சண்டை மும்முரமானது. வழிநெடுகச் சோதனைச் சாவடி. பையைக் கொட்டிக் காட்டச் சொல்வார்கள், கசட்டில் என்ன என்று கேட்பார்கள். பஸ்லியா கசட்டுகளைப் பையின் அடியில் வைத்து, மேலே மாதவிலக்குத் துணியைப் பரப்பிக்கொண்டு போவாள். துணியைக் கண்டதும் சிப்பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகச் சொல்வான். அத்தனை வருட யுத்தத்தில் அவள் கொண்டுபோன பெண்பக்கத்துப் படத்தில் ஒரு நிமிடத்தைக்கூட ஓர் அந்நிய ஆண் பார்த்ததில்லை.

பார்க்க வைத்தது யுத்தமல்ல. சமாதானம் வந்த வருடத்தில் சொந்த ஊர்க்காரன்தான்.

இரண்டாயிரத்து ஒன்பது டிசம்பர். கடல் வந்து ஐந்து வருடம் ஆகப்போகிறது. வீடு கட்டிக் கொடுத்த நிவாரண அமைப்பொன்று நினைவு டீவீடி ஒன்றுக்கு றஸாக்கிடம் ஓடர் கொடுத்தது. இருநூறு தட்டு. இருபத்தாறாம் திகதி மண்டபத்தில் போட்டுக் காட்டி, வந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்று கொடுத்து, மிச்சத்தை வெளிநாட்டுக்கு அனுப்புவது ஏற்பாடு. அமைப்பின் அலுவலர் பளீல் கொழும்புக்காரர், மெதுவாகக் கதைப்பவர். அலைக்கு முன்னால் சனங்கள் எப்படிச் சந்தோஷமாக இருந்தார்கள் என்று காட்ட வேண்டும், சிரித்த முகங்கள் வேண்டும் என்றார். தங்கையின் பிள்ளைப்பேற்றுக்காகப் பஸ்லியா பத்து நாள் லீவில் நின்றாள். றஸாக் சிரித்த முகங்களைத் தேடினார். எங்கே இருக்கின்றன என்று அவருக்குத் தெரியும்.

லீவு முடிந்து வந்தவள் றஸாக்கின் திரையைப் பார்த்தாள். டீவீடியின் மெனு தயாராக இருந்தது. 'அலை', 'புதுவீடு', 'நன்றி' என்று பொத்தான்கள். முதல் பொத்தான் 'அன்று'. அதன் சின்னச் சதுரத்துக்குள் றாஹிலா மூக்கைச் சுருக்கிக்கொண்டு சிரித்தாள், தலையில் துணியில்லாமல்.

பஸ்லியா தோளில் இருந்த பையைக்கூட இறக்கவில்லை. 

"இதை ஆரைக் கேட்டு எடுத்தீங்க காக்கா?"

"என்ன புள்ள புதினமா கதைக்கிறாய்? நம்மட கடை, நம்மட கொம்பியூட்டர். மவுத்தானவங்களுக்கு இனி என்ன பர்தா?"

"மவுத்தானவங்கட உம்மாமார் உசிரோட இரிக்காங்க."

"அழுதழுதுதான் பாப்பாங்க. நல்லதுக்குத்தான் செய்யிற."

நல்லதுக்கு! இந்த ஊரில் அந்த ஐந்து வருடமும் நடந்த அநியாயம் முழுவதும் நல்லதுக்குத்தான் நடந்தது. தகரக் கொட்டிலுக்குள் சனத்தைப் போட்டதும் நல்லதுக்கு, சாவி கொடுப்பதைப் படம் எடுத்துவிட்டுக் கதவு போடாமல் போனதும் நல்லதுக்கு. பஸ்லியா நகரவில்லை. வீட்டுக்கு வீடு போய்ச் சொல்லுவேன் என்றாள். அதற்கு மட்டும் றஸாக் பயந்தார். அவளுடைய கண்ணுக்கு முன்னாலேயே அந்தப் பொத்தானை நீக்கினார். மெனுவில் மூன்று பொத்தான் மிஞ்சியது.

"பாத்தியா? போயிட்டு. இனி வாயை வெச்சிக்கிட்டுச் சும்மா இரி. மிச்சத்தை நான் பாத்துக்கிறன்."

இரண்டு நாளில் இருநூறு தட்டும் பதிந்து, வெள்ளை உறை போட்டு மேசையில் அடுக்கியிருந்தது. தன் கையால் செய்யாத வேலையானாலும் பார்க்காமல் விட அவளுக்கு மனம் வராது. ஒன்றை எடுத்துப் பிளேயரில் போட்டாள். அலை ஓடி முடிந்தது. புதுவீடு ஓடி முடிந்தது; அதில் மைமூனா சாவி வாங்கினாள். நன்றி ஓடி முடிந்தது. திரை கறுத்தது. நிறுத்தப் போனவள் குரவைச் சத்தம் கேட்டு நின்றாள்.

ஏழு பேரும் இருந்தார்கள். ஒருத்தி விடாமல், ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக வந்தார்கள்.

மெனுவில் பொத்தானை நீக்கினால் படம் நீங்கிவிடாது. வாசலில் இலக்கத் தகட்டைக் கழற்றிவிட்டால் வீடு இல்லாமல் போய்விடுமா? உள்ளே எடுத்த பைல் தலைப்புப் பட்டியலில் அப்படியே கிடக்கும், தட்டிலும் ஏறிவிடும். பிளேயர் சும்மா விட்டால் அதையும் தேடி ஓட்டும். பட்டியலில் இருந்தும் எடுக்க வேண்டும், பிறகு முழுவதையும் புதிதாகக் கட்ட வேண்டும். இது றஸாக்குக்குத் தெரியாததல்ல. பத்து வருடமாகத் தொழில் செய்கிற மனிதர்.

"மெனுவில இல்லாததை ஆரு பாக்கப் போறா?" என்றார். "திரும்ப முதல்ல இருந்து செய்யிறதெண்டா ரெண்டு நாள் போகும். நாலு மணிக்குப் பளீல் சேர் வாறார். நீ வீட்ட போ."

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பகையிருந்து செய்திருந்தாலும் ஒரு மாதிரி. இது வெறும் சோம்பல். இரண்டு நாள் வேலைக்குப் பஞ்சிப்பட்டு, ஏழு பெண்களை ஊர் மண்டபத்தில் ஏற்றிவிடப் பார்த்தார். அமைப்பின் சின்னத்தை மட்டும் நாலு தரம் பெருப்பித்துச் சரிபார்த்திருந்தார்.

பஸ்லியா பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வீட்டுக்குப் போகவில்லை. மாரி மழையில் நனைந்தபடி ஓட்டோ பிடித்து மைமூனாவின் வீட்டுக்குப் போனாள். அமைப்பு கொடுத்த வீடு. ஒழுக்குக்குக் கீழே வாளி வைத்திருந்தது. கட்டிலில் இருந்த மைமூனாவுக்கு எல்லாவற்றையும் சொன்னாள், தான் செய்ததிலிருந்து தொடங்கி.

 கடைசி வரை கேட்டுவிட்டு மைமூனா சொன்னாள்:

"அழிச்சிட்டன் எண்டு சொன்னியே மகள்."

"சொன்னன். அழிக்கல்ல சாச்சி."

"என்ட முகத்தைப் பாத்துத்தானே சொன்னாய்?"

"ஓம்."

ஏசியிருந்தால் பஸ்லியாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மைமூனா ஏசவில்லை. எழுந்து அபாயாவைப் போட்டாள், வெற்றிலைப் பையை எடுத்தாள், பக்கத்து வீடுகளுக்குப் போய்த் தட்டினாள். நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஐந்து பெண்கள் வீடியோக் கடைப் படியில் ஈரச் செருப்போடு ஏறினார்கள். எல்லோரும் மகளையோ தங்கையையோ கடலுக்குக் கொடுத்தவர்கள். கதிரை கேட்கவில்லை. மேசையைச் சுற்றி நிலத்தில் இருந்தார்கள்.

பளீல் வந்தார். றஸாக் நடந்ததைப் பூசி மெழுகிச் சொன்னார். பளீல் தலையாட்டி, மைமூனாவுக்குப் பக்கத்தில் குனிந்து, ஆறுதல் சொல்லும் குரலில் கதைத்தார்.

"உங்கட கவலை விளங்குது உம்மா. ஆனா சிரிச்ச முகம் இருந்தாத்தான் பாக்கிறவங்கட மனசு இளகும். உதவி வரும்."

மைமூனா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்கட பொஞ்சாதிட மருதோண்டிப் படம் எந்தத் தட்டில இரிக்கி மகன்?"

பளீல் விழித்தார்.

"அதையும் போடுங்க. அவவும் சிரிச்சிக்கிட்டுத்தானே இருந்திருப்பா. பாக்கிறவங்களுக்கு இளகட்டும்."

கொழும்புக்காரரின் காது சிவந்தது. அப்படி ஒரு பேச்சு... என்று தொடங்கி முடிக்காமல் விட்டார். தன் மனைவியைப் பற்றி ஒரு சொல் சொன்னதற்கே அவருக்கு அப்படி இருந்தது. மேசையில் இருந்த இருநூறும் அவருக்கு அதுவரை வெறும் தட்டுகள்தான்.

மைமூனா வெற்றிலைப் பைக்குள் கைவிட்டுப் பாக்குவெட்டியை எடுத்தாள். முதல் உறையைப் பிரித்துத் தட்டை அதன் வாயில் கொடுத்து அமர்த்தினாள். தட்டு சடக்கென்று பிளந்து ஒரு சில்லு றஸாக்கின் காலடியில் விழுந்தது. அதைப் பார்த்து மற்றவர்களும் பைகளைத் திறந்தார்கள். ஐந்து பெண்களிடம் நாலு பாக்குவெட்டி இருந்தது. ஐந்தாமவள் உறை பிரித்துக் கொடுத்தாள். கண் பார்வை மங்கியவளும் விரல் வளையாதவளும் அதில் இருந்தார்கள், ஆனால் ஒருத்தியும் அவசரப்படவில்லை. பாக்கு வெட்டுகிற நிதானத்தோடு ஒவ்வொன்றாக வெட்டினார்கள். றஸாக் தடுக்கக் கை நீட்டினார். நிலத்தில் நெருங்கி இருந்த பெண்களைத் தொடாமல் மேசைக்குப் போக வழியில்லை. கையை இழுத்துக்கொண்டார். அவருக்கும் ஒரு மானம் இருந்தது, பிந்தி வந்தது.

நூறைத் தாண்டியதும் பளீல் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இருநூறும் முடிந்ததும் நாலு பெண்கள் பஸ்லியாவிடம் கண்ணைக் காட்டி, தங்கள் வீட்டுப் பெண்களின் படத்தை அழிக்கச் சொன்னார்கள். அவர்களுடைய தட்டுகள் வீட்டில் ஒழுங்காக ஓடின. அவள் அழித்தாள், றஸாக் டீவீடிக்கென்று எடுத்து வைத்திருந்த ஏழு பேரின் துண்டுகளையும் சேர்த்து. வராத இரண்டு வீட்டுப் படத்தையும் அந்த வீட்டாருக்குச் சொல்லிவிட்டே அழிப்பதாகச் சத்தியம் பண்ணினாள். அவர்கள் போனார்கள். மைமூனா போகவில்லை.

"சாச்சி, உங்கட தட்டு ஓடுதா?"

"போன நோம்பு மாசத்தோட நிண்டுட்டு."

"ஏன் என்னட்ட வரல்ல?"

"வந்து? நீதான் அழிச்சிட்டியே."

நாலு மாதம். மகளை இரண்டாம் முறையும் இழந்துவிட்டோம் என்று அந்த மனிசி நாலு மாதம் ஒழுக்கு வாளியைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். பொய் சொன்னது தான்தான் என்பதால் பஸ்லியாவால் யார்மீதும் பாய முடியவில்லை. பாய்வதற்கு ஆள் வேண்டியிருந்தது. திரும்பி றஸாக்கைப் பார்த்தாள்.

"வெளியில போங்க காக்கா. படம் ஓடப் போகுது."

"இது என்ட கடை."

"இது பெண்பக்கம்" என்றாள் பஸ்லியா.

றஸாக் போனார். ஒரு மணித்தியாலமும் எட்டு நிமிடமும் தன் கடைப் படிக்கட்டில், சாரல் அடிக்க நின்றார். உள்ளே மைமூனா திரைக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தாள். அழவில்லை. மகள் மூக்கு அரிக்கிறது என்று கெஞ்சிய இடத்தில் அவளும் சிரித்தாள். முடிந்ததும் பஸ்லியா கடையில் இருந்ததில் நல்ல தட்டாகப் பார்த்துப் புதிதாக ஒன்று பதிந்து, ஓட்டிச் சரிபார்த்து, உறையில் ஒட்டிக் கொடுத்தாள்.

"இனி அழி" என்றாள் மைமூனா. "என்ட கண்ணுக்கு முன்னால."

"சாச்சி, இதுவும் நாலைஞ்சு வருசத்தில போயிரும். நான் வேற டிஸ்க்குக்கு மாத்தி, என்ட வீட்ட கொண்டுபோய்ப் பூட்டி வெக்கிறன். ஆரும் தொட ஏலா. கேளுங்க சாச்சி."

"நீயும் மவுத்தாகிப் போவாய் மகள். அதுக்குப் பொறகு ஆரு பூட்டுற?"

மைமூனா உறையை வெற்றிலைப் பைக்குள் வைத்தாள்.

"இந்தத் தட்டு ஓடுற வரைக்கும் நான் இருந்தாக் காணும், அதுக்கு மேல வேணாம்."

பஸ்லியா பைலைத் தெரிவு செய்தாள்.  குற்றம் செய்தவன் படிக்கட்டில் நிற்கிறான், நாளைக்கும் கடை திறப்பான். சிரித்த முகம் கேட்டவர் வேறு ஊரில் வேறு முகம் தேடுவார். இழப்பதற்கு மட்டும் எப்போதும் இந்த மனிசியே வர வேண்டும். திரையில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்து நின்றது. மைமூனாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.

"என்னவாம்?"

"அழிக்கவா எண்டு கேக்குது சாச்சி."

மைமூனா திரையையே பார்த்துக்கொண்டு இருந்தாள். கேள்வி காத்துக்கொண்டு நின்றது.

"ஓம் எண்டு சொல்லு" என்றாள்.

பஸ்லியா பொத்தானை அழுத்திச் சொன்னாள்.